சின்னதுதான் மிச்சம்

நாளை டர்ஹாம்.
பருவத்தின் இரண்டாவது ஆட்டம்,
அதற்குள் டர்ஹாம்.
அட்டவணை போட்டவர் எங்கள் மேல்
என்ன கோபத்தில் இருந்தாரோ.

போன வருடம் அங்கே
எண்பத்தெட்டுக்கு நாற்பத்தேழு.
அந்த எண்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
எண்பத்தெட்டாம் இலக்க வீட்டைக் கடக்கையில்
க்ரெகர் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ரசிகர்கள் என்று எண்ணினால் ஏழு பேர்.
டாமிலோலாவின் காதலனுக்குக் காய்ச்சல்,
ஆகவே ஆறரை.

லீட்ஸ். எங்கள் வீட்டுச் சமையலறை.
தரையில் என் கட்டில் விரிப்பு,
கையில் பச்சை எமல்ஷன்.
அணியின் பெயரை ஹென்ரிக்கா
பெருமையாகப் பெரிதாகத் தொடங்கியதில்
கடைசி இரண்டு எழுத்தும் ஓரத்தில்
ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன,
இரவின் கடைசி பஸ்ஸில் போல.
ஹீட்டரில் காயப்போட்டோம்.
மீற்றரில் மிச்சம் இரண்டு பவுண் எண்பது.
விரிப்பு முந்துமா, மீற்றர் முந்துமா,
அதற்கும் பந்தயம்.

எங்கள் உயரமெல்லாம் போய்விட்டது.
ஆறடி இரண்டங்குல ஃபிலிப்பா
பட்டம் வாங்கி பிரிஸ்டலுக்குப் போனாள்.
இன்னொருத்திக்குக் கணுக்கால்,
கத்தரிக்காய் நிறத்தில்.
இனிப் பந்தைக் கொண்டுவருகிறவள் மிதுர்ஷா,
ஐந்தடி மூன்று, ஹாரோக்காரி.
ஓடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்,
விடாதை விடாதை விடாதை.
அந்த அரங்கில் அது எனக்கு மட்டும் விளங்கும்.
அதற்காகவும்தான் போகிறேன் என்றால்
க்ரெகர் நம்பமாட்டான்.

ஆநிரை கவரப் போகிறவர்கள் அந்நாளில்
ஊர்ப்புறத்து இருட்டில் நின்று
யாரோ யாருக்கோ சொல்லும் சொல்லுக்குக்
காது கொடுப்பார்களாம்.
நல்ல சொல் விழுந்தால் புறப்பாடு.
விரிச்சி என்று பெயர்.
இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
மற்ற ஆறு பேரும் உடனே
கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

தூறல். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.
முதலில் ஒரு நாய் குரைத்தது; அது சொல்லில் சேராது.
பிறகு போதையில் ஒரு பையன்
செல்பேசியில் அம்மாவிடம் அழுதான்.
அது எங்களுக்கானதல்ல என்று
யாரும் சொல்லாமலே தள்ளி நின்றோம்.
பிறகு பொரித்த மீன் கடையில்,
கதவைப் பாதி சாத்தியபடி, கடைக்காரர்
தொப்பி போட்ட ஒருவரிடம் சொன்னார்:
"பெரிசெல்லாம் முடிஞ்சுது.
சின்னதுதான் மிச்சம்."

வீடு வரும்வரை சண்டை.
தோல்விதான், இதைவிடத் தெளிவாக
யார் சொல்வார்கள் என்றாள் ஹென்ரிக்கா.
முடிந்தது அவர்களுடைய பெரிசு என்றான் க்ரெகர்.
காய்ச்சல்காரன் இருமி முடித்துக் கேட்டான்:
அந்த ஆள் சின்னதை வாங்கினாரா?

யாரும் பார்க்கவில்லை.

அங்கே முந்நூறு பேர் இருப்பார்கள்.
கோட்டிலிருந்து ஒரு முழத்தில் முழங்கால்கள்,
மேளம் வேறு.
எங்கள் பந்து வளையத்தில் முட்டித் திரும்பினால்
கூரை அதிரும்.
உள்ளே விழுந்தாலோ
ஒரு கணம்
முந்நூறு பேரும் சேர்ந்து செய்து தருகிற அமைதி.
சொந்த அரங்கில் அது கிடைக்காது.
அதற்குள் நாங்கள் கத்துவது
வெறும் அண்டாவில் கரண்டி விழுந்ததுபோல் கேட்கும்.
நாற்பத்தொரு புள்ளியால் தோற்ற அன்றும்
பத்தொன்பது தடவை கிடைத்தது.
எண்ணி வைத்திருக்கிறேன்.

மீற்றர் முந்திவிட்டது.
பதினொரு மணிக்கு பஸ்.
விரிப்பில்லாத மெத்தையில், கோட்டோடு, படுத்திருக்கிறேன்.
யாரோ இருட்டில் படியிறங்கி
எழுத்து காய்ந்ததா என்று
தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
இது நான்காவது ஆள்.